நாலு நாள் அவகாசம்

கிரிஃபித்
9 ஜூலை 2023

கும்பாரே இலாரியோ,

வண்டி நொறுங்கிய கதையை மரீசா உனக்குச் சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகு நடந்தது உன் மனைவிக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. உன்னிடம் போனில் சொல்லலாம் என்றால், "கஸ்டமர் இருக்காங்க கொமாரே, அப்புறம் பேசறேன்" என்று ஒவ்வொரு முறையும் வைத்துவிடுகிறாய். ஆல்பரி கார்க் கடைக்குப் போய்ப் பெரிய மேனேஜர் ஆனதும் உனக்கு அப்படி என்ன கஸ்டமர் கூட்டமோ! சரி, எழுதியே தொலைக்கிறேன். எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள் என்று ஷெரிலும் சொல்கிறாள். ஷெரில் யார் என்று பிறகு சொல்கிறேன்.

வாகா ஊர் மருத்துவமனையில் என் வீட்டுக்காரர் சென்சோவுக்குக் கைப் பயிற்சி முடித்துத் திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. நரண்டேராவைத் தாண்டி, பொழுது சாயும் நேரம். வந்தது ஒரு கங்காரு இல்லை, இரண்டு. முதலாவதுக்கு வண்டியைத் திருப்பினேன், இரண்டாவது நேராக வந்து விழுந்தது. சென்சோ பின்னால் சக்கர நாற்காலியில் பெல்ட் போட்டு இருந்ததால் பிழைத்தார். எனக்குக் கழுத்துப் பிடிப்போடு போயிற்று. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டேன்.

பெரிய இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியின் இன்றைய விலையைக் கடன் கம்பெனிக்கு நேராகக் கட்டிவிட்டார்கள். அது போதவில்லை. வண்டி இல்லை, வண்டிக் கடன் மட்டும் நிற்கிறது. இதற்காகத்தானே நீ எனக்கு இன்னொரு காப்பீட்டையும் சேர்த்து விற்றாய்? "வண்டியே போனாலும் கடன் உன் தலையில விழாது கொமாரே, நடுவுல விழற பள்ளத்தை இது மூடிடும்" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கேட்டு எழுதினேன். பதில் வந்தது. இது தொழில் நடத்துகிறவர்களுக்கு விற்ற காப்பீடாம், விபத்து நடந்தபோது வண்டி தொழிலுக்கு ஓடவில்லையாம், வீட்டு நோயாளியை ஏற்றிப் போனதாம். ஆகவே ஒரு காசும் கிடையாதாம்.

தொழிலா? எனக்கா? அன்றைக்கு உன் மேசை முன்னால் நடந்ததை நினைத்துப் பார்த்தேன்.

"அரசாங்கத்துல பதிஞ்சு உனக்கு ஒரு தொழில் எண் எடுத்துடலாம். இங்கேயே, இந்தக் கம்ப்யூட்டர்லயே எடுத்துடலாம்" என்றாய்.

"எனக்கு எதுக்குப்பா? நான் ஆஸ்பத்திரி சமையல்கட்டுல வேலை பாக்கறவ."

"காகித வேலை சுலபமா முடியும், அவ்வளவுதான். தையல் தெரியும்ல?"

"பாவாடை கீழ்மடிப்பு தைப்பேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு."

"போதும். தையல் தொழில்னு போட்டாச்சு."

சென்சோ நாற்காலியிலிருந்தே "வணக்கம் முதலாளியம்மா" என்று சலாம் வைத்தார். மூன்று பேரும் சிரித்தோம். பிறகு நீ காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரி படிக்கவில்லை. எப்படிப் படிப்பேன்? என் மகன் ரெனாத்தோவை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்திய ஞானத்தகப்பன் நீ, அதனால்தானே நமக்குள் கும்பாரே, கொமாரே. கும்பாரே எதிரில் உட்கார்ந்து அவன் நீட்டும் தாளைப் படித்துப் பார்ப்பதைவிட அவன் முகத்தில் துப்பிவிட்டுப் போகலாம். நம் வீடுகளில் அப்படித்தானே வளர்ந்தோம்.

இப்போது ஷெரில். சமூகக் கூடத்தில் கடன்பட்டவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிறவள். தாள்களைப் பார்த்ததும் முதலில் அவள் கேட்டது, "வண்டி வாங்கின அன்னைக்கே இந்தக் காப்பீட்டையும் வித்துட்டாங்களா? நாலு நாள் விடலையா?" என்றுதான். வண்டி விற்கிறவன் கூடவே இந்த மாதிரி உபரிக் காப்பீடுகளைத் தலையில் கட்டக்கூடாது, விவரத் தாளைக் கையில் கொடுத்து நாலு நாள் வீட்டுக்கு அனுப்பி யோசிக்க விடவேண்டும் என்று சட்டமாம். "ஆனா தொழிலுக்கு வாங்கற வண்டின்னா அந்த நாலு நாளுக்கு விலக்கு உண்டு. நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, கும்பாரே. ஏதோ அவசரத்தில் செய்திருப்பாய். ஒரே ஒரு தாள் எழுதிக் கொடு. இது குடும்ப வண்டி என்று உனக்குத் தெரியும், தொழில் எண் எடுக்கச் சொன்னது நீதான் என்று. அது போதுமாம். அந்த விற்பனையே செல்லாமல் போகும், கடனில் ஏற்றிய காப்பீட்டுப் பணம் எல்லாம் கழியும், சக்கர நாற்காலி ஏற ஏறுபலகை வைத்த வேறொரு வண்டியை நான் எடுக்க முடியும். சென்சோவின் வலது கை இப்போதுதான் கரண்டி பிடிக்கிறது. வாகாவுக்குப் போவது நின்றால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார். வண்டி இல்லாமல் அவரை எதில் ஏற்றுவேன்?

உன் கொமாரே
நுன்சியா


ஆல்பரி
18 ஜூலை 2023

அன்புக் கொமாரே,

கடிதத்தை என் வீட்டு முகவரிக்கு அனுப்பினாயே, அந்த மட்டில் நீ புத்திசாலி. அலுவலக மின்னஞ்சலை மேலிடத்தில் யாரோ படிக்கிறார்கள். நாம் இப்படித் தாளிலேயே பேசிக்கொள்வோம். சென்சோ பிழைத்ததற்கு நானும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

அந்த ஷெரில் உன்னை ரொம்பப் பயமுறுத்திவிட்டாள் என்று தெரிகிறது. இந்த விலக்கு நான் என் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிட்டது இல்லை. கண்காணிப்பு ஆணையம் கொடுத்தது, அதற்கு நியாயமும் இருக்கிறது. லீட்டனில் ஆரஞ்சு ஏற்றுகிற லாரிக்காரனை எடுத்துக்கொள். இன்று லாரி எடுத்தால் இன்றே பழம் ஏற்றுவான். நாலு நாள் காப்பீடு இல்லாமல் சாலையில் விடு, அப்புறம் வா என்று அவனிடம் சொல்ல முடியுமா? தொழில் செய்கிறவனுக்குத் தன் நல்லது கெட்டது தெரியும் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது.

உனக்கு நான் அன்றே எல்லாம் முடித்துக் கொடுத்தது உன்மேல் உள்ள அக்கறையால். சென்சோவை நாற்காலியோடு இன்னொரு முறை அலைய வைக்கக்கூடாது என்றுதான். என் மகள் லொரெதானா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் விற்றிருப்பேன். நல்ல காப்பீடு அது.

நீ கேட்கிற மாதிரித் தாளை நான் எழுதினால் என் வேலை போகும், உனக்கும் ஒன்றும் கிடைக்காது. இரண்டு பேரும் நாசமாவதில் யாருக்கு என்ன லாபம்? எனக்கு இதைவிட நல்ல வழி தெரியும். தொழிலுக்கு ஓடவில்லை என்றுதானே அவர்கள் மறுத்திருக்கிறார்கள்? ஓடியது என்று காட்டிவிட்டால்? உன் தையல் வேலையைப் பற்றி எனக்கு விவரமாக ஒரு கடிதம் எழுது. யாருக்குத் தைத்தாய், துணியை அந்த வண்டியில் எங்கெங்கே கொண்டுபோனாய், எல்லாம். கொஞ்சம் தாராளமாகவே எழுது. காப்பீட்டுக் கம்பெனியில் எனக்கு ஆள் இருக்கிறான், நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துப் பேசிவிடுகிறேன். பள்ளம் மூடிவிடும், கடனும் தீரும்.

அதுவரை ஷெரிலை ஓரமாக வை. இது நம் இரண்டு வீட்டு விஷயம்.

என்றும் உன் கும்பாரே
இலாரியோ


கிரிஃபித்
29 ஜூலை 2023

கும்பாரே,

நீ சொன்னபடி எழுதுகிறேன், தொழில் விவரம் தனிப் பக்கத்தில். எழுத எழுதச் சிரிப்பு வருகிறது.

நான் வீட்டில் தையல் தொழில் செய்கிறேன். பக்கத்து வீட்டுப் பஸ்தேகா அம்மாவுக்கும் அவருடைய தங்கைகளுக்கும் பாவாடை, திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறேன். போன வருடம் கல்யாணப் பெண்ணின் தோழிகளுக்கு ஆறு கவுன்களைச் சரிசெய்து, அந்த வண்டியிலேயே லீட்டனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பள்ளிக்கூட நாடகத்துக்குத் தேவதைச் சட்டைகள் தைத்து வண்டியில் எடுத்துப் போனேன். தொழில் நன்றாக நடக்கிறது, இன்னும் பெரிதாக்கும் எண்ணம் உண்டு.

இது போதுமா? பொய் என்று ஒன்றும் இல்லை, உப்பு மட்டும் கூடிவிட்டது. தேவதைச் சட்டைக்கு யாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை. கல்யாணத் தோழிகள் ஒரு கூடை அத்திப்பழம் கொடுத்தார்கள். அதையெல்லாம் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன், நீ தாராளமாக எழுதச் சொன்னாயே.

சென்சோ வீட்டை விட்டு வெளியே போய் எவ்வளவோ நாளாயிற்று. ஏறுபலகை வைத்த டாக்ஸி ஊரில் ஒன்றுதான், அதையும் முதியோர் இல்லத்துக்காரர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். வாகாவுக்கு அது வரவும் வராது. காலையில் அவரைக் கொண்டுபோய் ஜன்னல் பக்கம் உட்கார வைக்கிறேன். நேற்று கரண்டி கையிலிருந்து விழுந்தது. "வழுக்கிடுச்சு" என்றார். வழுக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் எழுதுவதைப் பார்த்து, "யாருக்கு?" என்று கேட்டார்.

"கும்பாரேவுக்கு. எல்லாத்தையும் அவன் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கான்."

"அப்போ சரி. இலாரியோ சொன்னா செய்வான்" என்று திரும்பிக்கொண்டார்.

ஆகவே செய், கும்பாரே. சீக்கிரம் செய். எல்லோரும் கூடிப் பன்றிக்கறியில் சலாமி போடும் நாளுக்கு நீ வரவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். ஆல்பரியில் வேலை என்று உனக்காக நானே பதில் சொன்னேன்.

நுன்சியா


ஆல்பரி
14 ஆகஸ்ட் 2023

கொமாரே,

கடிதம் கிடைத்தது. அருமையாக எழுதியிருக்கிறாய், இவ்வளவு எழுதத் தெரிந்தவள் ஏன் சமையல்கட்டில் கிடக்கிறாய்? சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டேன். இந்த மாதிரி விஷயங்கள் மெதுவாகத்தான் நகரும். பொறு.

ஷெரில் உன் பெயரில் குறைதீர்ப்பு மன்றத்துக்குப் புகார் போட்டுவிட்டாளாமே? எங்கள் டீலர்ஷிப்புக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. முடிந்தால் அதைத் திரும்ப வாங்கிவிடு. புகார் என்று வந்துவிட்டால் என் ஆளால் பேச முடியாது.

சென்சோவுக்கு என் முத்தங்கள்.

இலாரியோ


கிரிஃபித்
16 அக்டோபர் 2023

இலாரியோ,

கும்பாரே என்று எழுத முதல் எழுத்தைப் போட்டேன், கை வரவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

புகாரை நான் திரும்ப வாங்கவில்லை. ஷெரில் சம்மதிக்கவில்லை. நல்லவேளை! இன்று அவள் என்னை அழைத்து எதிரில் உட்கார வைத்தாள். உங்கள் டீலர்ஷிப் மன்றத்துக்குக் கொடுத்த பதில் வந்திருக்கிறது என்றாள். கூடவே ஒரு இணைப்பு. அது என் கையெழுத்து.

"இதை நீங்கதான் எழுதினீங்களா நுன்சியா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"நான்தான்."

"யாருக்கு எழுதினீங்க?"

"என் பையனோட ஞானத்தகப்பனுக்கு."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு அவர்கள் அடிக்கோடு போட்டிருந்த வரிகளை வாசித்தாள். "நான் வீட்டில் தையல் தொழில் செய்கிறேன்." "தொழில் நன்றாக நடக்கிறது, இன்னும் பெரிதாக்கும் எண்ணம் உண்டு." இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளரே தொழில் நடத்துவதாகத் தன் கையால் எழுதியிருக்கிறார், எனவே விலக்கு பொருந்தும், நாலு நாள் காத்திருக்க வேண்டியதில்லை, எங்கள் விற்பனையாளர் மேல் எந்தத் தவறும் இல்லை. கீழே உன் வாக்குமூலம், உன் கையெழுத்தோடு. தொழில் இருக்கிறது என்று நானாகவே உன்னிடம் வந்து சொன்னேனாம். நீ நம்பினாயாம்.

நீ நம்பினாயா, பாவி?

என் கடிதத்தில் தொழில் விவரப் பக்கத்தை மட்டும் கொடுத்திருக்கிறாய். அத்திப்பழம் இருந்த பக்கம் இல்லை. உப்பு கூடிவிட்டது என்று நான் எழுதிய வரி இல்லை. கரண்டி விழுந்ததும் இல்லை. நீ உட்கார்ந்து யோசித்து, இந்தப் பக்கம் வேண்டும், அந்தப் பக்கம் வேண்டாம் என்று பிரித்திருக்கிறாய். முழுக் கடிதத்தின் நகல் இருக்கிறதா என்று ஷெரில் கேட்டாள். கும்பாரேவுக்கு எழுதும் கடிதத்துக்கு யார் நகல் எடுத்து வைப்பார்கள்?

வண்டியில் ஒரு முறை ஏமாந்தேன், அதை மன்னித்துவிட்டேன். உன் முதலாளி உன்னை நெருக்கியிருப்பான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கேட்டு வாங்கினாயே அந்தக் கடிதத்தை, தாராளமாக எழுது என்று! அதை என்னவென்று சொல்வது? பழம் விழவேண்டும் என்று மரத்தை உலுக்குகிற மாதிரி என்னை உலுக்கி வாங்கிக்கொண்டுபோய் என்மேலேயே எறிந்திருக்கிறாய்.

சென்சோவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "இலாரியோ அப்படிச் செய்ய மாட்டான், மன்றத்துக்கு வேற யாரோ கொடுத்திருப்பாங்க" என்றார். உன் கையெழுத்தைக் காட்டினேன். பார்த்தார். பிறகு அழுதார். விழுந்து முதுகெலும்பு உடைந்தபோதுகூட அழாத மனிதர்.

நான் கேட்டது ஒரு தாள் உண்மை. இப்போதும் அதையே கேட்கிறேன். எழுதுகிறாயா இல்லையா?

நுன்சியா


ஆல்பரி
2 நவம்பர் 2023

நுன்சியா,

திட்டித் தீர்த்துவிட்டாய். இப்போது நான் பேசலாமா?

எங்கள் விற்பனைக் கூடத்தில் ஒரு பலகை உண்டு. மாதாமாதம் யார் எத்தனை உபரிக் காப்பீடு விற்றான் என்று அதில் எழுதுவார்கள். கார் விற்பதில் லாபம் ஒன்றும் இல்லை, இதில்தான் லாபம். நாலு நாள் சட்டம் வந்ததும் எல்லோருக்கும் விற்பனை படுத்துவிட்டது. நாலு நாள் வீட்டுக்குப் போய் யோசித்தால் எவன் திரும்ப வந்து வாங்குவான்? அப்போதுதான் மேலிடத்திலிருந்து சொன்னார்கள், "தொழில் விலக்குன்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு என்ன பஞ்சம்? வர்றவன் எல்லாருக்கும் ஏதாவது ஒரு தொழில் இருக்கும்டா, தேடிக் கண்டுபிடி." எல்லோரும் கண்டுபிடித்தார்கள். நானும் கண்டுபிடித்தேன். அப்படிச் செய்ததால்தான் எனக்கு ஆல்பரி கிடைத்தது. இதை எழுதிய தாளை எரித்துவிடு.

உன் கடிதத்தை நானாகப் போய் நீட்டவில்லை. புகார் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "உன் ஆளுதானே, உன்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். வேலையா, கடிதமா என்று நிற்கும்போது ஐம்பது வயதுக்காரன் என்ன செய்வான்? எனக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருடம் வயிற்றுக்குள் கிடக்கிறது. தண்ணீர் இல்லாமல் எங்கள் திராட்சைத் தோட்டம் காய்ந்த வருடம், பாங்கில் ஜாமீன் கையெழுத்துக்கு சென்சோவிடம் வந்தேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றான். யோசித்தான், யோசித்தான், தோட்டம் ஏலத்துக்குப் போகிற வரை யோசித்தான். என் அப்பா அந்தத் துக்கத்திலேயே போனார். அப்போது நான் கும்பாரே இல்லையா? கையெழுத்து என்றால் யோசிக்கலாம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உன் புருஷன்தான். நீ யோசிக்காமல் போட்டதற்கு நான் என்ன செய்ய?

ஆனாலும் உன்னைக் குறிவைத்துச் செய்தேன் என்று மட்டும் சொல்லாதே. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யார் வந்தாலும் இதையேதான் செய்தேன். லொரெதானாவுக்கும் இதையேதான் செய்திருப்பேன். அவள் தலைமேல் சத்தியம்.

தாள் எழுத மாட்டேன்.

இலாரியோ


கிரிஃபித்
10 டிசம்பர் 2023

இலாரியோ,

உன் போன கடிதத்தை எரிக்கவில்லை. ஷெரிலிடமும் கொடுக்கவில்லை, இன்னும். முதலில் தோட்டத்துக்குப் பதில். சென்சோவிடம் கேட்டேன். "ஆமா, போட்டிருக்கணும். பயந்துட்டேன். ரெனாத்தோ அப்போ சின்னவன்" என்றார். அதற்காக அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். பயந்து கையெழுத்துப் போடாதது வேறு, சிரித்துக்கொண்டே ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவது வேறு என்பது என் பக்கம். அவர் அதைச் சொல்லவில்லை.

இப்போது நான் எழுத வந்ததைக் கேள். உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை லொரெதானா வந்தாள், சென்சோவுக்குக் கிறிஸ்துமஸ் முடிவெட்டு. வீடு வீடாகப் போய் முடி வெட்டுகிற உன் மகள் எங்கள் வீட்டில் மட்டும் காசு வாங்குவதில்லை. உனக்குத் தெரியுமோ என்னவோ. நம் சண்டை பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை, என்னை ஞானத்தாய் என்று 'நுன்னா' போட்டுக் கூப்பிடுகிற பிள்ளையின் வாயில் நான் ஏன் கசப்பை ஊற்ற வேண்டும்?

வெட்டிக்கொண்டே, "புது வண்டி எப்போ வருது நுன்னா?" என்று கேட்டாள்.

"வரும்மா. மெதுவா."

"அவசரப்படாதீங்க. அப்பா சொன்னது ஞாபகம் இருக்குல்ல? நாம ரெண்டு பேரும் ஒரே மாசம்தானே வண்டி எடுத்தோம். நான் அன்னைக்கே கையெழுத்துப் போட்டு வண்டியைத் தூக்கிட்டு வர அப்படி ஆசைப்பட்டேன். தொழில் எண் வேற எங்கிட்ட இருக்கா, 'எனக்கு அந்த விலக்கு இருக்கேப்பா, இன்னைக்கே முடிச்சுக் கொடு'ன்னு கேட்டேன். அப்பா ஒரே சத்தம். 'விலக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். சொந்த வண்டின்னே எழுது. தாளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, நாலு நாள் படி. அந்த உபரிக் காப்பீடு ஒண்ணுகூட வாங்காதே, அது எல்லாம் வெறும் காத்து. நானே வித்தாலும் வாங்காதே'ன்னாரு. பாருங்க நுன்னா, கடைக்காரரே சொல்றாரு!"

அவள் சிரித்தாள். பெருமையாகச் சிரித்தாள், அப்பா எவ்வளவு நேர்மையானவர் என்று. கத்தரிக்கோல் நிற்கவே இல்லை.

"உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரே?" என்று கேட்டாள்.

சென்சோதான் சொன்னார், "சொன்னாரும்மா. சொன்னாரு."

உனக்காகப் பொய் சொன்னார், இலாரியோ. கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, அசைய முடியாமல் உட்கார்ந்து, உன் மகளிடம் உன்னைக் காப்பாற்றிக் கொடுத்தார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

உண்மையிலேயே தொழில் செய்கிறவள் அவள். விலக்கு யாருக்காவது பொருந்தும் என்றால் அவளுக்குத்தான் பொருந்தும். அவளுக்கு நாலு நாள் கொடுத்தாய். தொழிலே இல்லாத எனக்கு ஒரு தொழிலை உண்டாக்கி, அந்த நாலு நாளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். வெறும் காற்று என்று அவளிடம் சொன்னதை அதே மாதம், அதே வாயால், பள்ளம் மூடும் என்று என்னிடம் விற்றாய். தெரியாமல் செய்யவில்லை, முதலாளி நெருக்கியதாலும் செய்யவில்லை. நாங்கள் உனக்கு யார், அவள் உனக்கு யார் என்று நன்றாகத் தெரிந்துதான் செய்தாய். அவள் தலைமேல் சத்தியம் வேறு! உன் பெண் தலையையும் இதில் இழுத்தாயே, உனக்கு நாக்கு கூசவில்லையா?

ஜனவரி பதினைந்தாம் தேதி மன்றத்தார் என்னிடம் போனில் விசாரிப்பார்கள். "விற்றவர் இதைத் தெரிந்தே செய்தாரா?" என்று கேட்பார்களாம், ஷெரில் சொன்னாள். கேட்டால் நான் லொரெதானாவின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். அவளைக் கூப்பிடுவார்கள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

எனக்கு அதில் துளியும் ஆசை இல்லை. ஆனால் சென்சோவின் கையா, உன் முகமா என்றால் எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. விசாரணைக்கு முன் உன் தாள் போய்ச் சேரட்டும்.

நுன்சியா


ஆல்பரி
4 ஜனவரி 2024

நுன்சியா,

எழுதிவிட்டேன். மன்றத்துக்கு நேராக அனுப்பியாயிற்று, நகலை இதோடு வைத்திருக்கிறேன். குடும்ப வண்டி என்று தெரியும், தொழில் எண்ணை நானே என் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தேன், உன் கடிதத்தை நானே கேட்டு வாங்கிப் பாதியை மட்டும் கொடுத்தேன் என்று எல்லாம் அதில் இருக்கிறது. இன்று காலை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். லொரெதானாவிடம் சொல்லாதே. அவளை யாரும் கூப்பிட வேண்டாம், அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். அவள் என்னை அப்படிப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. வேலை போனது ஆட்குறைப்பு என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

சென்சோவுக்கு வண்டி பார்க்கும்போது சொல். நல்ல வண்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இலாரியோ


கிரிஃபித்
21 பிப்ரவரி 2024

திரு. இலாரியோ மக்ரி அவர்களுக்கு,

மன்றத்தின் முடிவு வந்துவிட்டது. விற்பனை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். காப்பீட்டுப் பணம் கழிந்தது, மீதிக் கடனை டீலர்ஷிப்பே ஏற்க வேண்டும் என்று தீர்ப்பு. உங்கள் தாள் வந்ததால்தான் இது நடந்தது என்று ஷெரில் சொன்னாள். அதற்கு நன்றி.

வண்டி பார்த்துவிட்டோம். உங்கள் உதவி தேவைப்படவில்லை. திங்கட்கிழமையிலிருந்து சென்சோ மறுபடியும் வாகாவுக்குப் போகிறார். கை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். இழந்த மாதங்கள் இழந்ததுதான் என்று டாக்டர் சொன்னார்.

நான் அந்தத் தாளைப் பலமுறை படித்தேன். எல்லாம் உண்மை. ஜூலையில் நான் கேட்டபோதும் அது உண்மையாகத்தான் இருந்தது. அப்போது நீங்கள் எழுதவில்லை. அவர் கையிலிருந்து கரண்டி விழுகிறது என்று எழுதினேன், அப்போதும் எழுதவில்லை. உங்கள் மகள் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்வாள் என்றதும் எழுதினீர்கள். சென்சோவுக்காக எழுதினேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

லொரெதானாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவள் வந்தால் எப்போதும்போல் காப்பி போட்டுக் கொடுப்பேன்.

ரெனாத்தோவின் கல்யாணம் ஈஸ்டர் கழிந்து வைத்திருக்கிறோம். மரீசாவுக்கும் லொரெதானாவுக்கும் அழைப்பு அனுப்பியாயிற்று. உங்கள் பெயர் அதில் இல்லை. ஏன் இல்லை என்று அவர்கள் இரண்டு பேரும் கேட்பார்கள். அதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

நுன்சியா